சந்நியாசம் கேட்டவர் புற்றுநோய்க்கு மருந்து கண்டார்!

மயிலாப்பூர் லஸ் முனையில் எந்த மருந்துக் கடையிலாவது ஒரு மாலைப் பொழுது நின்று பாருங்கள். மூட்டு வாதத்தால் கைவிரல்கள் கோணிப்போன ஒரு மூதாட்டி சீட்டை நீட்டுவார். கடைக்காரர் சிறிய மஞ்சள் மாத்திரை ஒன்றை எடுத்து உறையில் போடுவார். போட்டுவிட்டுச் சும்மா கொடுத்துவிட மாட்டார். வாரத்துக்கு ஒரு நாள்தான் சாப்பிட வேண்டும், தினமும் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து என்று இரண்டு தடவை சொல்வார். உறையின் மேல் கிழமையையும் எழுதித் தருவார்.

அந்த மாத்திரையின் பெயர் மெத்தோட்ரெக்சேட். மூட்டு வாதத்துக்கு அது வந்து சேர்ந்தது பிற்பாடு. அதன் பிறவிப் பகைவன் ரத்தப் புற்றுநோய். லஸ் முனையிலிருந்து சில மைல் தெற்கே போனால் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. அங்கே சிகிச்சை பெறும் குழந்தைகளுக்கும் இதே மருந்து வேறு அளவில், வேறு வழியில் செலுத்தப்படுகிறது.

இந்த மருந்தின் வம்சாவளியைத் தேடிக்கொண்டு போனால் அமெரிக்காவில் நியூயார்க் மாகாணத்தில் பேர்ல் ரிவர் என்ற சிற்றூரில் உள்ள ஓர் ஆராய்ச்சிச் சாலையில் போய் நிற்போம். அந்தச் சாலையின் தலைவராக இருந்தவர் யார் என்று கேட்டால் மறுபடியும் மயிலாப்பூருக்கே திரும்பி வரவேண்டியிருக்கும்! ராமகிருஷ்ண மடத்தில் சந்நியாசம் கேட்டு நின்ற ஒரு கல்லூரி மாணவர் அவர். பெயர் எல்லாப்பிரகடா சுப்பாராவ்.

இன்று புற்றுநோய் வைத்தியத்தில் மூலக்கூறுப் பரிசோதனை என்ற சொல் அதிகம் அடிபடுகிறது. நோயாளியின் ரத்தத்தையோ கட்டியிலிருந்து எடுத்த துணுக்கையோ சோதித்து, உயிரணுவுக்குள் எந்த இடத்தில் கோளாறு என்று கண்டுபிடிக்கிறார்கள். பிறகு அந்த இடத்தைக் குறி வைத்து மருந்து கொடுக்கிறார்கள். உயிரணு எதை உண்டு பிழைக்கிறது, அதற்குச் சக்தி எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ளாமல் இப்படிப்பட்ட வைத்தியம் நடக்காது. அந்த இரண்டு கேள்விகளோடும் வாழ்நாள் முழுதும் போராடியவர் சுப்பாராவ். அவர் கதையில் வெற்றி நிறைய உண்டு. வெற்றிக்குக் கொடுத்த விலையும் குறைவில்லை.

காசிக்கு ஓடிய பையன்

அன்றைய சென்னை ராஜதானியில் கோதாவரிக் கரைச் சீமையில் உள்ள பீமவரத்தில் 1895ஆம் வருஷம் ஜனவரி 12ஆம் தேதி சுப்பாராவ் பிறந்தார். தந்தை ஜகந்நாதம் ரெவின்யூ இலாகாவில் வேலை பார்த்தவர். உடல்நலம் கெட்டதால் காலத்துக்கு முன்பே வேலையை விட்டு விலக நேர்ந்தது. தாயார் வெங்கம்மா. ஏழு குழந்தைகள். வருமானம் நின்ற வீட்டில் ஏழு குழந்தைகள் என்றால் என்ன பாடு என்று வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பையனுக்குப் படிப்பில் நாட்டமில்லை. பதின்மூன்றாவது வயதில் வீட்டை விட்டு ஓடினான். ஓடிய இடம் காசி. யாத்திரிகர்கள் கூடும் இடத்தில் வாழைப்பழம் விற்றால் பெரும் பணம் சம்பாதிக்கலாம் என்பது அவன் திட்டம்! பாதியிலேயே பிடித்துக் கொண்டுவந்து, தாயார் மறுபடியும் பள்ளிக்கூடத்தில் தள்ளினார். அந்த அம்மாள் மட்டும் மனம் தளர்ந்திருந்தால் காசித் துறையில் இன்னொரு பழ வியாபாரி கிடைத்திருப்பார். உலகத்துக்கு ஒரு விஞ்ஞானி கிடைத்திருக்க மாட்டார்.

மெட்ரிகுலேஷன் பரீட்சையில் இரண்டு முறை தோற்றார். மூன்றாம் முறை தேறியது நம் சென்னையில், திருவல்லிக்கேணி பெரிய தெருவில் உள்ள ஹிந்து ஹைஸ்கூலில். பிற்காலத்தில் வெள்ளைக் குள்ள நட்சத்திரங்களின் நிறை வரம்பைக் கணக்கிட்ட சந்திரசேகர் படித்ததும் அதே பள்ளியில்தான். இரண்டு முறை தோற்ற பையனையும் நோபல் பரிசு பெறப்போகும் பையனையும் ஒரே கூரையின் கீழ் உட்கார வைத்த பெருமை அந்தப் பழைய கட்டடத்துக்கு உண்டு.

பிறகு கடற்கரையில் பிரஸிடென்ஸி கல்லூரி. இதற்குள் தந்தை காலமாகிவிட்டார். இளைஞரின் மனம் கணிதத்தை விட்டு வேறு திசையில் போயிற்று. மயிலாப்பூர் ராமகிருஷ்ண மடத்துக்குப் போய் வரத் தொடங்கினார். விவேகானந்தரின் உபதேசங்கள் அவரை ஆட்கொண்டன. துறவு பூண்டு மடத்திலேயே தங்கிவிட விரும்பினார்.

மடத்தார் நிதானமாக நடந்துகொண்டார்கள். தாயாரின் சம்மதம் வேண்டும் என்றார்கள். வெங்கம்மா சம்மதிக்கவில்லை. அதன்மேல் மடத்தில் வேறு வழி காட்டினார்கள். வைத்தியம் படித்துக்கொண்டு வந்தால் மடம் நடத்தும் ஆஸ்பத்திரிகளில் ஏழைகளுக்குத் தொண்டு செய்யலாம் என்பது அந்த யோசனை. துறவுக்குக் கதவு அடைபட்டதும் வைத்தியத்துக்குக் கதவு திறந்தது. சுப்பாராவ் சென்னை மெடிகல் காலேஜில் சேர்ந்தார்.

கதர் அங்கியும் குறைந்த பட்டமும்

மெடிகல் காலேஜ் படிப்பு அன்றும் சரி இன்றும் சரி, பணம் தின்னும் படிப்பு. நண்பர்கள் உதவினார்கள். 1919இல் அவருக்கு விவாகம் நடந்தது. மனைவியின் பெயர் சேஷகிரி. மாமனார் கஸ்தூரி சூரியநாராயண மூர்த்தி மருமகனின் படிப்புச் செலவைத் தாங்கினார். மடத்துச் சந்நியாசியாக நினைத்தவர் மாமனார் தயவில் டாக்டருக்குப் படித்தார் என்பது வாழ்க்கையின் வேடிக்கைகளில் ஒன்று.

அது காந்தி அடிகளின் ஒத்துழையாமைக் காலம். அந்நியத் துணியை விலக்கும்படி அவர் விடுத்த அழைப்பு மாணவர் விடுதிகளிலும் கேட்டது. சுப்பாராவ் ஆபரேஷன் அறைக்கே கதரில் தைத்த அங்கியை அணிந்து போனார். சர்ஜரி பேராசிரியர் பிராட்ஃபீல்டு துரைக்கு அது பிடிக்கவில்லை. பரீட்சையின் எழுத்துப் பகுதியை நன்றாகவே எழுதியும் சுப்பாராவுக்கு எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்கவில்லை. அதற்குக் கீழ்ப்பட்ட எல்.எம்.எஸ். சான்றிதழ்தான் கிடைத்தது. துணியின் நிறத்தைப் பார்த்து டாக்டரின் தரத்தை நிர்ணயித்த காலம்!

அந்தச் சான்றிதழோடு சென்னை ராஜதானி மெடிகல் சர்வீஸில் சேர முயன்றார். நடக்கவில்லை. டாக்டர் ஆசண்ட லட்சுமிபதி நடத்திய ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறு கற்பிக்கும் வேலை கிடைத்தது. அங்கே மாணவர்களுக்குப் பாடம் சொன்னதோடு, ஆயுர்வேத மருந்துகளை நவீன முறையில் ஆராய வேண்டும் என்ற எண்ணமும் அவருக்கு வளர்ந்தது.

ஆனால் அவரை உண்மையாகவே உலுக்கிய சம்பவம் வீட்டில் நடந்தது. உடன்பிறந்த சகோதரர்கள் இருவர் எட்டு நாள் இடைவெளியில் ஒருவர் பின் ஒருவராக இறந்து போனார்கள். இருவரையும் கொண்டுபோனது ஸ்ப்ரூ என்ற வியாதி. நம் நாட்டு வைத்தியர்கள் கிரகணி என்று சொல்லும் வகையைச் சேர்ந்தது. குடல் உணவை ஏற்க மறுக்கும், ஓயாத பேதி, ரத்தம் சுண்டிப் போகும், உடல் உருகி எலும்பாகும். அதற்கு அன்று மருந்து கிடையாது. வீட்டில் ஒரு டாக்டர் இருந்தும் பார்த்துக்கொண்டு நிற்பதைத் தவிர அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

வெப்ப நாடுகளின் வியாதிகளைப் பற்றி முறையாகப் படித்து வரவேண்டும் என்று தீர்மானித்தார். கொக்கிப்புழு ஒழிப்பு வேலைக்காக இங்கே வந்திருந்த அமெரிக்க டாக்டர் ஒருவரின் அறிமுகம் அந்த எண்ணத்துக்கு உரம் போட்டது. காக்கிநாடாவில் உள்ள மல்லாடி சத்யலிங்கம் நாயக்கர் தர்ம ஸ்தாபனமும் மாமனாரும் பண உதவிக்கு முன்வந்தார்கள். 1920களின் தொடக்கத்தில் அவர் கப்பலேறினார். அப்போது மனைவி கர்ப்பவதி. சில வருஷங்களில் திரும்பிவிடுவதாகத்தான் ஏற்பாடு.

இரவில் தோட்டி வேலை

அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து ஹார்வர்டு சர்வகலாசாலையில் இடம் கிடைத்தது. உபகாரச் சம்பளம் கிடைக்கவில்லை. சென்னையில் டாக்டர் என்று அழைக்கப்பட்டவர் அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் இரவு நேரச் சிப்பந்தியாகச் சேர்ந்தார். நோயாளிகளின் மலச்சட்டிகளை எடுத்துக் கொட்டிக் கழுவுவது அவர் வேலை. பகலில் வகுப்பு. இப்படியாக வெப்ப நாட்டு வைத்தியத்தில் டிப்ளமா பெற்றார்.

இங்கே ஊரில் அவருக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. தந்தை முகம் பார்க்காமலே, கைக்குழந்தையாக இருக்கும்போதே தோல் நோய் ஒன்றினால் அது இறந்துபோயிற்று. அந்தச் செய்தி கடல் கடந்து போனபோது அவர் ஹார்வர்டில் ஒரு சோதனைக் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கலாம், மலச்சட்டியைக் கழுவிக்கொண்டும் நின்றிருக்கலாம். எப்படியானாலும் திரும்பி வரவில்லை.

ரசாயனப் பகுதியில் சைரஸ் ஃபிஸ்க் என்பவரிடம் ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்தார். முதல் காரியமாக, ரத்தத்திலும் சிறுநீரிலும் உள்ள பாஸ்பரஸை அளக்க ஒரு சுலபமான முறையை இருவரும் சேர்ந்து வகுத்தார்கள். நீலநிறம் எவ்வளவு அடர்த்தியாக வருகிறதோ அவ்வளவு பாஸ்பரஸ் என்று கணக்கு. 1925இல் வெளியான இந்த முறைக்கு ஃபிஸ்க்-சுப்பாராவ் முறை என்றே பெயர். உயிர் ரசாயனம் படிக்கும் மாணவர்கள் அந்தப் பெயரை இன்றும் பாடப் புத்தகத்தில் காண்கிறார்கள். அது ஒரு சென்னை எல்.எம்.எஸ்.காரரின் பெயர் என்று எத்தனை பேருக்குத் தெரியுமோ!

அந்த நீல நிறத்தின் உதவியால் பெரிய ரகசியம் ஒன்று வெளிப்பட்டது. தசை வேலை செய்யும்போது அதற்கு வேண்டிய சக்தி எங்கிருந்து வருகிறது? அதுவரை இருந்த கொள்கைக்காக ஐரோப்பிய விஞ்ஞானிகள் இருவருக்கு நோபல் பரிசே வழங்கப்பட்டிருந்தது. ஃபிஸ்கும் சுப்பாராவும் 1927இல் தசையில் பாஸ்போகிரியாடின் என்ற பொருளைக் கண்டார்கள். 1929இல் அடினோசின் டிரைபாஸ்பேட் என்ற பொருளையும் பிரித்தெடுத்தார்கள். சுருக்கமாக ஏ.டி.பி. அதே ஆண்டில் ஜெர்மனியில் கார்ல் லோமன் என்பவரும் தனியாக இதைக் கண்டுபிடித்து வெளியிட்டார். ஆகையால் பெருமை இருவகையாருக்கும் உரியது.

ஏ.டி.பி. என்பது உயிரணுவின் கையிருப்புச் சில்லறை என்று வைத்துக்கொள்ளுங்கள். நாம் உண்ணும் சோறும் பருப்பும் வங்கியில் போட்ட பெரிய நோட்டு. அதை அப்படியே செலவழிக்க முடியாது. உடம்பு அதை ஏ.டி.பி. என்ற சில்லறையாக மாற்றித்தான் ஒவ்வொரு காரியத்துக்கும் கொடுக்கிறது. கண் இமைப்பது முதல் அணு இரண்டாகப் பிரிவது வரை எல்லாம் இந்தச் சில்லறையில்தான் நடக்கிறது. இதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் தேவைப்படும்.

1930இல் சுப்பாராவ் பி.எச்.டி. பட்டம் பெற்றார். ஆனால் ஹார்வர்டில் அவருக்கு நிரந்தரப் பதவி வரவில்லை. ஆசிரியர் ஃபிஸ்கோடு இருந்த உறவும் ஒரே சீராக இல்லை. அதே ஆராய்ச்சிச் சாலையில் படித்தவரும், பின்னால் 1988இல் நோபல் பரிசு பெற்றவருமான ஜார்ஜ் ஹிட்சிங்ஸ் இதைப் பற்றி ஒரு செய்தி சொல்லியிருக்கிறார். சுப்பாராவ் கண்ட சில பொருள்களை ஃபிஸ்க் வெளிவரவிடவில்லை என்றும், பல ஆண்டு கழித்து வேறு பலர் அவற்றை மீண்டும் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது என்றும் அவர் கூறியிருக்கிறார். சுப்பாராவ் இதைப் பற்றிப் பகிரங்கமாகச் சண்டைக்குப் போனவர் இல்லை. தம்மை முன்னால் தள்ளிக்கொள்ளும் கலை அவருக்கு வரவேயில்லை.

கீரையிலிருந்து வந்த சத்து

1940இல் அவர் ஹார்வர்டை விட்டு லெடர்லி என்ற மருந்துக் கம்பெனியின் ஆராய்ச்சிச் சாலைக்குப் போனார். இரண்டே ஆண்டில் அதன் ஆராய்ச்சித் தலைவரானார். அங்கே ரசாயனிகள், வைத்தியர்கள், தாவர நூல் வல்லவர்கள் என்று ஒரு பெரிய படையே அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. இந்தச் சமயத்தில்தான் பழைய கணக்கொன்று மறுபடியும் எழுந்தது.

1928ஐ ஒட்டி லூசி வில்ஸ் என்ற ஆங்கிலப் பெண் டாக்டர் பம்பாய்க்கு வந்து, ஆலைத் தொழிலாளர் வீட்டுக் கர்ப்பிணிகளுக்கு வரும் கொடிய ரத்தசோகையை ஆராய்ந்தார். ஈஸ்ட்டில் உள்ள ஏதோ ஒரு சத்து அதைக் குணப்படுத்துகிறது என்று கண்டார். அந்தச் சத்து என்னவென்று தெரியவில்லை. 1941இல் அமெரிக்காவில் நாலு டன் கீரையைக் காய்ச்சி வடித்து ஒரு சத்தைப் பிரித்து, இலையைக் குறிக்கும் லத்தீன் சொல்லைக் கொண்டு ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டார்கள். சுப்பாராவின் குழு அதைச் சுத்தமாகப் பிரித்து, அதன் அமைப்பைக் கண்டு, 1945இல் ஆராய்ச்சிச் சாலையிலேயே செயற்கையாகச் செய்துவிட்டது. கீரை வண்டி வேண்டாம். வேண்டிய மட்டும் செய்துகொள்ளலாம்.

அந்த மஞ்சள் பொடியை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒருவகை ரத்தசோகை தீர்ந்தது. இன்னொரு வியாதியிலும் ரத்தம் ஊறியது, நோயாளிகள் தேறினார்கள். அந்த வியாதியின் பெயர் ஸ்ப்ரூ. எட்டு நாளில் இரண்டு சகோதரர்களைப் பறிகொடுத்த வீட்டுக்கு மருந்து வந்து சேர்ந்தது, கால் நூற்றாண்டு கழித்து.

சாதாரண மனிதர் இந்த இடத்தில் நிம்மதியாக உட்கார்ந்திருப்பார். ஊருக்கும் திரும்பியிருப்பார். சுப்பாராவின் வாழ்க்கையில் இதுதான் அடுத்த கதைக்குத் தொடக்கம்.

செல்லாக் காசு

பாஸ்டனில் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் சிட்னி ஃபார்பர் என்ற டாக்டர் இருந்தார். ரத்தப் புற்றுநோய் கண்டு இறந்த குழந்தைகளின் உடலை அறுத்துச் சோதிப்பது அவர் தொழில். அந்த நாளில் அந்த நோய் வந்தால் குழந்தைக்குச் சில வாரங்கள் அல்லது சில மாதங்கள்தான். ரத்தம் மாற்றிக் கொடுத்து ஆறுதல் சொல்வதைத் தவிர டாக்டர்களுக்கு வேலையில்லை. ஃபோலிக் அமிலம் சோகையைத் தீர்க்கிறதே, இந்த நோயிலும் உதவுமா என்று அதன் இனத்தைச் சேர்ந்த பொருள்களை லெடர்லியிலிருந்து வரவழைத்துக் கொடுத்துப் பார்த்தார் ஃபார்பர். விளைவு விபரீதமாக இருந்தது. நோய் தணிவதற்குப் பதிலாக வேகம் பிடித்தது.

அறிவாளி தோல்வியிலும் ஒரு துப்பைக் காண்பான். நோயுற்ற அணுக்கள் ஃபோலிக் அமிலத்தை உண்டு கொழுக்கின்றன என்றால், அதைக் கிடைக்காமல் செய்துவிட்டால் என்ன? சுப்பாராவின் ஆராய்ச்சிச் சாலை இதற்கும் தயாராக இருந்தது. ஃபோலிக் அமிலத்தைப் போலவே உருவம் கொண்டு, ஒரு மூலையில் மட்டும் சிறு மாற்றம் செய்த போலிப் பொருள்களை அங்கே செய்துகொண்டிருந்தார்கள்.

ரயில் நிலையங்களில் காசு போட்டு எடை பார்க்கும் இயந்திரத்தை மூத்த வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதில் நல்ல காசு போட்டால் அட்டை விழும். அதே பருமனுள்ள செல்லாக் காசைப் போட்டாலோ உள்ளே போய் அடைத்துக்கொள்ளும். பிறகு நல்ல காசு போட்டாலும் இயந்திரம் வேலை செய்யாது. போலி ஃபோலிக் அமிலம் இப்படிப்பட்ட செல்லாக் காசு. உயிரணு ஏமாந்து அதை வாங்கிக்கொள்கிறது. புதிய அணுவைக் கட்டுவதற்கான வேலை அடைத்துப் போகிறது. ஓயாமல் பெருகும் புற்றணுதான் முதலில் பட்டினியாகிறது. மற்ற அணுக்களுக்கும் கேடு உண்டு. வாய்ப்புண், முடி உதிர்தல் எல்லாம் அதனால்தான்.

அமினோப்டெரின் என்ற போலியை 1947ஆம் ஆண்டின் கடைசியில் ஃபார்பர் குழந்தைகளுக்குச் செலுத்தத் தொடங்கினார். 1948 ஜூனில் அவர் வெளியிட்ட அறிக்கை வைத்திய உலகத்தைத் திடுக்கிட வைத்தது. பதினாறு குழந்தைகளில் பத்துப் பேருக்கு நோய் அடங்கியது. வீங்கிய மண்ணீரல் சுருங்கியது. படுத்த படுக்கையாக இருந்தவர்கள் எழுந்து விளையாடினார்கள்.

மிகைப்படுத்தக் கூடாது. நோய் திரும்ப வந்தது. அந்தக் குழந்தைகளுக்குக் கிடைத்தது சில மாதங்கள் மட்டுமே. ஆனால் ரத்தப் புற்றுநோய் மருந்துக்குப் பணிந்தது என்பதை உலகம் அன்றுதான் கண்ணால் கண்டது. அமினோப்டெரினைவிட ஆபத்துக் குறைந்த தம்பி ஒன்றும் அதே சாலையில் பிறந்தது. அதுதான் லஸ் முனை மருந்துக் கடையில் நாம் பார்த்த மெத்தோட்ரெக்சேட். 1950களில் அமெரிக்காவில் லி, ஹெர்ட்ஸ் என்ற இரு டாக்டர்கள், கருப்பையில் தோன்றும் ஒருவகைப் புற்றுநோயை இதைக் கொண்டே அடியோடு குணமாக்கிக் காட்டினார்கள். இந்தச் செல்லாக் காசு அடைத்துக்கொள்ளும் துவாரம் உயிரணுவில் எது என்பது தெரிந்ததோ சுப்பாராவ் மறைந்து பத்து ஆண்டு ஆன பிறகு. பூட்டைக் காணாமலே அதற்குச் சாவி செய்தவர் அவர்.

புற்றுநோய் அவருடைய வேலைகளில் ஒன்றுதான். யானைக்கால் நோய்க்கு ஹெட்ரசான் என்ற மருந்தை அவர் குழுவே கண்டது. தமிழ்நாட்டில் சுகாதார ஊழியர்கள் வீடு வீடாக வந்து விழுங்கச் சொன்ன யானைக்கால் தடுப்பு மாத்திரை இதுவேயாகும். எழுபது வயதைத் தாண்டிய தாவர நூல் பேராசிரியர் டகர் என்பவருக்கு அவர் சாலையில் இடம் கொடுத்திருந்தார். அந்தக் கிழவர் மண்ணிலிருந்து ஆரியோமைசின் மருந்தைக் கண்டெடுத்தார். டெட்ராசைக்ளின் இனத்தில் அதுவே மூத்தது.

1948 ஆகஸ்டு மாதம், ஃபார்பரின் அறிக்கை வெளியாகி இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது, சுப்பாராவ் உறக்கத்திலேயே மாரடைப்பால் காலமானார். வயது 53. சுமார் கால் நூற்றாண்டு அந்த நாட்டில் இருந்தும் அவர் அமெரிக்கப் பிரஜையாகவில்லை. 1946இல் சட்டம் மாறி இந்தியர்களுக்கு அந்த உரிமை கிடைத்தபோதும் அதை அவர் பெறவில்லை. ஆனால் நாடு சுதந்திரம் அடைந்ததைப் பார்க்கவும் வரவில்லை. மனைவி சேஷகிரி அம்மாள் கணவரைக் கடைசியாகக் கண்டது கப்பலேறிய காலத்தில்தான். மடத்தில் துறவு கேட்டவருக்கு, யாரும் கொடுக்காமலே அது கிடைத்துவிட்டது. அந்தத் துறவில் பாதிப் பங்கைச் சுமந்தவர் அந்த அம்மாள். சுப்பாராவின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இந்த இடத்தை வேகமாகக் கடந்துவிடுகிறார்கள். அது நியாயமாக எனக்குப் படவில்லை.

அடையாற்றில் அவர் சொத்து

சுப்பாராவ் மறைந்து ஆறு ஆண்டு கழித்து, 1954 ஜூன் 18ஆம் தேதி அடையாற்றில் பன்னிரண்டு படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனை தொடங்கியது. அதை நிறுவிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, சுப்பாராவ் படித்த அதே சென்னை மெடிகல் காலேஜில் 1912இல் பட்டம் பெற்றவர். அவரும் உடன்பிறந்தவளை நோய்க்குப் பறிகொடுத்தவர். அங்கே நோய் புற்று. ஒரே கல்லூரியிலிருந்து வந்த இரண்டு பேரை வீட்டுச் சாவுகள் இரண்டு திசைகளில் அனுப்பின. ஒருவர் ஆஸ்பத்திரியைக் கட்டினார். மற்றவர் அதற்குள் வரப்போகும் மருந்துக்கு வழி செய்தார்.

1980களில் அடையாறு, பம்பாய் டாட்டா நினைவு மருத்துவமனை, டில்லி அகில இந்திய மருத்துவக் கழகம் ஆகிய மூன்றும் அமெரிக்கப் புற்றுநோய்க் கழகத்தாரோடு சேர்ந்து, குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு ஒரே மாதிரியான சிகிச்சைத் திட்டத்தை நடத்தின. மூளைக்கு நோய் ஏறாதபடி முதுகுத்தண்டின் வழியாக மெத்தோட்ரெக்சேட் செலுத்துவது அதில் ஓர் அங்கம். அதற்கு முன் நம் நாட்டில் பெரும்பாலான குழந்தைகள் இந்த நோயில் தப்பியதில்லை. இத்திட்டத்தில் ஏறத்தாழப் பாதிக் குழந்தைகள் நோய் திரும்பாமல் நான்கு ஆண்டுகளைக் கடந்தார்கள்.

இனி, நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்ன ஏ.டி.பி.க்கு வருவோம். உயிரணுவில் கைனேஸ் என்று ஒரு கூட்டம் உண்டு. ஏ.டி.பி.யிலிருந்து பாஸ்பேட் துணுக்கைப் பிய்த்து வேறொரு புரதத்தின் மேல் ஒட்டுவது அதன் வேலை. பெருகு, நில் என்ற உத்தரவுகள் இப்படித்தான் அணுவுக்குள் போகின்றன. ஒருவகை ரத்தப் புற்றுநோயில் 9ஆவது, 22ஆவது குரோமோசோம்கள் முறிந்து இடம் மாறி ஒட்டிக்கொள்கின்றன. அதனால் பிறக்கும் கோளாறான கைனேஸ், பெருகு பெருகு என்று ஓயாமல் உத்தரவிட்டுக்கொண்டே இருக்கும். இமாடினிப் என்ற மாத்திரை, அந்தக் கைனேஸில் ஏ.டி.பி. வந்து உட்காரும் பீடத்தில் தான் போய் உட்கார்ந்துவிடுகிறது. சில்லறை உள்ளே வர வழியில்லை; உத்தரவு நின்றுபோகிறது. நுரையீரல் புற்றுநோயில் சிலருக்குக் கொடுக்கும் ஜெஃபிடினிப்பும் அதே தந்திரம்தான். எல்லா நோயாளிகளுக்கும் அல்ல. பரிசோதனையில் அந்தக் குறிப்பிட்ட மாற்றம் இருப்பதாகத் தெரிந்தால்தான் பலன். இல்லாதவருக்குக் கொடுத்தால் பணமும் போகும், பொழுதும் போகும். மூலக்கூறுப் பரிசோதனை வேண்டும் என்று டாக்டர்கள் சொல்வதன் பொருள் இதுதான்.

இமாடினிப் 2001இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதன் சண்டையில் நம் ஊருக்கும் பங்கு உண்டு. நோவார்ட்டிஸ் கம்பெனி இந்த மருந்துக்கு இந்தியாவில் கேட்ட பேட்டன்டை 2006 ஜனவரியில் மறுத்தது சென்னைப் பேட்டன்ட் அலுவலகம். வழக்கு சென்னை ஹைகோர்ட்டைத் தொட்டு, டில்லி வரை போய், 2013 ஏப்ரல் முதல் தேதி சுப்ரீம் கோர்ட்டில் கம்பெனிக்கு எதிராக முடிந்தது. கம்பெனியின் மாத்திரைக்கு அப்போது மாதம் ஒரு லட்சத்து இருபதாயிரம் ரூபாய் வரை ஆகும் என்றார்கள். இந்தியக் கம்பெனிகள் அதையே எட்டாயிரம், பத்தாயிரத்துக்குக் கொடுத்தன. குறி பார்த்துத் தாக்கும் மருந்தாக இருந்தாலும் சாமானியன் கைக்கு எட்டும் விலையில் இருந்தால்தானே குறியில் படும்!

குழந்தைகளுக்கு வரும் ரத்தப் புற்றுநோயிலும் சிலருக்கு இதே குரோமோசோம் கோளாறு காணப்படுகிறது. ஆகையால் நோய் தெரிந்தவுடன் அதற்கான சோதனையும் செய்கிறார்கள். கோளாறு இருந்தால் வழக்கமான மருந்துகளோடு இமாடினிப்போ அதன் இனத்தைச் சேர்ந்த வேறொரு மாத்திரையோ சேர்கிறது. அப்படிப்பட்ட குழந்தையின் சிகிச்சை அட்டையில் ஒரு வரியில் மெத்தோட்ரெக்சேட், இன்னொரு வரியில் இமாடினிப். முதல் வரி, சுப்பாராவ் தலைமையில் பேர்ல் ரிவரில் நடந்த வேலையிலிருந்து வந்தது. இரண்டாவது வரி, 1929இல் ஹார்வர்டில் அவர் பிரித்தெடுத்த பொருளின் பீடத்தைப் பிடித்துக்கொள்ளும் மருந்து.

1995இல், அவர் பிறந்து நூறு ஆண்டு நிறைந்தபோது, இந்தியத் தபால் இலாகா அவர் படத்தோடு ஒரு தபால் தலை வெளியிட்டது.